அணையலையோ என்னமோ

1

சென்ற வாரம் என் மகள் நளினி வழக்கத்தைவிடத் தாமதமாக, தலையெல்லாம் நனைந்து வீடு வந்து சேர்ந்தாள். பதினேழு வயது. டியூஷன் முடிந்து அவள் ஏறும் பஸ், இங்கே மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் கூரை போட்ட வாசலை ஒட்டித்தான் நிற்கும். அதில் வந்தால் நனைய வழியே இல்லை. தோளில் புத்தகப் பையும் இல்லை.

"டியூஷனுக்குப் போகலை, இல்லியா?" என்று கேட்டேன்.

"ஏன்மா அப்படிக் கேக்குறீங்க?"

"பஸ்ல வந்திருந்தா நனைஞ்சிருக்க மாட்டே. பையும் இல்லை. யாரோ மோட்டார்சைக்கிள்ல கொண்டாந்து விட்டிருக்காங்க."

அவள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பதில் சொன்னாள். "யூ ஆர் ஜம்பிங் டு கன்க்ளூஷன்ஸ், மா. நான் நனைஞ்சிருக்கேன். அவ்ளோதான் உங்களுக்குத் தெரியும். மத்ததெல்லாம் நீங்களா இன்ஃபர் பண்றது லா."

கோபம் வருவதற்கு முன்னால், இந்த ஊர்ப் பேச்சில் வாலாக ஒட்டும் 'லா'வைத் தள்ளிவிட்டு, அவள் வாக்கியம் சரிதானா என்றுதான் என் மனம் பார்த்தது. சரியாகத்தான் இருந்தது. சொல்கிறவர் ஒன்றை உணர்த்துவது 'இம்ப்ளை'. கேட்கிறவர் ஒன்றை ஊகித்துக்கொள்வது 'இன்ஃபர்'. இரண்டையும் மாற்றிப் போடுகிற வழக்கறிஞர்களை இந்த ஊரில் நான் பார்த்திருக்கிறேன். என் பெண் மாற்றவில்லை.

ஊரில் இருக்கிற சிநேகிதிகள் கடிதத்தில் அடிக்கடி கேட்பார்கள், "இத்தனை வருஷமா அங்கே என்ன வேலைதான் பாக்கறே?" என்று. ஒரு வரியில் சொல்ல எனக்கு வந்ததில்லை. மற்றவர்கள் எழுதுகிற ஆங்கில அறிக்கைகளில், தெரிந்தது எது, தெரிந்ததிலிருந்து ஊகித்தது எது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சொல்லைப் போட்டுக் கொடுப்பது என் வேலை. இதற்கு ஒருவர் சம்பளம் தருவாரா என்று கேட்பீர்கள். தருகிறார்கள். அன்று இரவு நளினி தூங்கப் போன பிறகு, அந்த வேலையில் நான் சந்தித்த சரோஜா என்ற பெண் நினைவுக்கு வந்தாள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

அதற்கு முன் நம் பாஷையைப் பற்றிக் கொஞ்சம்.

தமிழில் இந்த வேலைக்கு ஆளே தேவையில்லை. 'வந்தான்' என்றால் நான் பார்த்தேன். 'வந்தானாம்' என்றால் யாரோ சொன்னார்கள். வாசலில் செருப்பை மட்டும் பார்த்திருந்தால் 'வந்திருக்கான் போல'. ஒன்றுமே தெரியாமல் மனசு அடித்துக்கொண்டால் 'வந்தானோ என்னமோ'. எல்லாம் சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருச்சியில் எங்கள் தெருவில் பால்காரரிலிருந்து கல்லூரிப் பேராசிரியை வரை யாரும் இதில் தவறு செய்து நான் கேட்டதில்லை.

என் கல்யாணமே 'ஆம்' போட்டு நடந்ததுதான். எழுபதுகளின் இறுதி. நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை மலேசியாவாம். ரயில்வே ஆபீஸில் உத்தியோகமாம். சொந்தக் கார் இருக்காம். வெளியில் கை நனைக்கவே மாட்டாராம். நானும் ஒரு புகைப்படத்தையும் ஏழெட்டு 'ஆம்'களையும் நம்பித்தான் விமானம் ஏறினேன். சுபாங் விமான நிலையத்தில் இறங்கியதும் அவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. உத்தியோகம் உண்மை. கார் நண்பருடையது. வந்த அன்று மாலையே என் கணவர் குணசேகரன் என்னை ஒரு சீனர் கடைக்கு அழைத்துப் போய், குவே தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸை எனக்கு முன்னால் தள்ளி, "சாப்புடு, இது நம்ம ஊர் சாப்பாடுதான்" என்றார். நம்ம ஊர் என்று அவர் எந்த ஊரைச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சில வருடம் பிடித்தது.

குடிநுழைவு அலுவலகத்தில் விசா நீட்டிக்கப் போன முதல் தடவை ஒரு சங்கதி நடந்தது. கணவரின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார், "உங்கள் கணவர் இங்கே பிறந்தவரா?" கல்லூரியில் நான் கற்ற ஆங்கிலம் அடக்கமானது. எதையும் அடித்துச் சொல்லக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள். "இட் வுட் அப்பியர் ஸோ" என்றேன். அப்படித்தான் தெரிகிறது என்று அர்த்தம்.

அவர் நிமிர்ந்தார். "அப்பியர்? உங்கள் கணவரைப் பற்றி உங்களுக்கே நிச்சயமில்லையா?"

பத்திரத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். மதியம் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான், "அடுத்த தடவை 'யெஸ்'னு மட்டும் சொல்லு" என்றார் குணசேகரன்.

3

நளினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் எனக்கு வேலை கிடைத்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் அலுவலகம். தீ, வெள்ளம், திருட்டு என்று எதில் நஷ்டம் ஏற்பட்டாலும், காப்புறுதி நிறுவனம், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி, பணம் கொடுப்பதற்கு முன் காரணத்தையும் அளவையும் விசாரித்து அறிக்கை தரச் சொல்லி இம்மாதிரி அலுவலகங்களைத்தான் கேட்கும். விசாரிப்பவர்கள் நாலு பேர். அவர்கள் எழுதி வருகிற ஆங்கிலத்தைச் செப்பனிட ஓர் ஆள் வேண்டும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள்.

அலுவலகத்தை நடத்தியவர் திரு. ராஜநாயகம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே அரசாங்க வேலை பார்த்த குடும்பம். பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுவார். தமிழ் பேசினால் அதில் யாழ்ப்பாணம் அப்படியே இருக்கும். நேர்முகத் தேர்வில் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து நீட்டினார். 'காவலாளி தூங்கிக்கொண்டிருந்தார்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. "இதிலை பிழை இருக்கோ?" என்றார்.

இலக்கணத்தில் ஒன்றும் இல்லை. யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். ஒரு லோரி ஓட்டுநர் என்றார். என்ன பார்த்தார் என்று கேட்டேன்.

"கண் மூடிக் கிடந்தவர் எண்டுதான் அவர் கண்டது. நித்திரை எண்டது எங்கடை ஆள் சேர்த்தது" என்றார். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

அந்த அறையில்தான் ஆங்கிலத்தின் வால்களைக் கற்றேன். 'கன்ஸிஸ்டன்ட் வித்' என்றால் முரண்படவில்லை என்று மட்டுமே பொருள். நிரூபித்துவிட்டோம் என்று பொருளில்லை. 'சஜெஸ்ட்ஸ்' ஒரு கை காட்டல். 'இட் மே பி இன்ஃபர்ட்' என்றால், இன்ன இன்ன உண்மைகளிலிருந்து இப்படி ஊகிக்க இடமுண்டு. அந்த உண்மைகள் அதற்கு முந்தைய பத்தியில் இருந்தாக வேண்டும். 'கன்க்ளூட்' கடைசிக் கதவு. வேறு எல்லா வழியும் அடைபட்டிருந்தால்தான் அதைத் திறக்கலாம். 'ஸெட்' என்றால் சொன்னார். 'அட்மிட்டட்' என்றால் ஒப்புக்கொண்டார். அதைப் போட்ட மாத்திரத்தில் அவர் குற்றவாளியாகிவிடுகிறார். எல்லாவற்றையும்விட ஆபத்தானது 'தேர்ஃபோர்'. நம் 'ஆகவே'தான். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் அதை வைத்துவிட்டால், நடுவில் பாலம் இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

4

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கிள்ளானுக்கு அந்தப் பக்கம் மேருவில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலை எரிந்தது. நாற்காலி, மேசைகளுக்கு மெருகு போடுகிற அறையில் தீ தொடங்கியது. தின்னர், வார்னிஷ், எண்ணெய்த் துணி எல்லாம் அங்கேதான். பாதித் தொழிற்சாலை போயிற்று. ரொக்கியா என்ற மலாய்ப் பெண் தன் கைப்பையை எடுக்கத் திரும்பிப் போய் முழங்கை வரை சுட்டுக்கொண்டாள். வேறு யாருக்கும் காயமில்லை.

விசாரணைக்குப் போனவர் சோங். எங்கள் அலுவலகத்தில் மூத்தவர். ஓயாமல் அலைவார், சுறுசுறுப்பு. எழுதுவதுதான் அவருக்குப் பிடிக்காது. அவருடைய வரைவு என் மேசைக்கு வந்தது.

அந்த அறையின் சுவரில் ஒரு பலகையில் மாரியம்மன் படம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் சரோஜா என்ற தொழிலாளி வேலை முடிகிற நேரத்தில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு அணைப்பாள். அன்றும் ஏற்றினாள். அவள் வெளியே வந்த சற்று நேரத்தில் தீ. 'விளக்கை அணைக்கவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆகவே, தீக்குக் காரணம் அந்த விளக்கே என்று முடிவு செய்யப்படுகிறது' என்று சோங் எழுதியிருந்தார். ஒப்புக்கொண்டார், ஆகவே, முடிவு: மூன்றும் இரண்டே வரியில்.

இதில் எவ்வளவு தொங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் யாரேனும் திறந்த நெருப்பு வைத்து அதனால் தீப்பிடித்தால் இழப்பீடு கிடையாது என்பது காப்புறுதியின் நிபந்தனை. இழப்பீடு வராவிட்டால் தொழிற்சாலை திறக்காது. அறிக்கை இப்படியே வந்தால் சரோஜா மேல் போலீஸில் புகார் கொடுக்கப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

சரோஜாவுக்கு மலாய் கொஞ்சம்தான் வரும், ஆங்கிலம் வராது. அவள் தமிழில் சொன்னதைச் சூப்பர்வைசர் மலாயில் சொல்ல, சோங் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த மலாய் வாக்குமூலம் வரைவோடு இணைந்திருந்தது. விளக்கு அணையவில்லை என்ற வரியில் 'மூங்கின்' என்றொரு சொல் இருந்தது. ஒருவேளை என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபோது அதைக் காணவில்லை.

சோங்கிடம் கேட்டேன்.

"சேம் லா, வசந்தா" என்றார். "அணைத்தேனா என்று அவளுக்கே நிச்சயமில்லை என்றால், அணைக்கவில்லை என்றுதானே அர்த்தம்?"

"நிச்சயமில்லை என்றால், நிச்சயமில்லை என்று அர்த்தம்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். நான் வரைவை எடுத்துக்கொண்டு ராஜநாயகத்தின் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே படித்தார்.

"மிஸஸ் குணசேகரன், நீங்கள் ஆங்கிலம் பாக்கத்தான் இருக்கிறியள். தீயைப் பாக்கிறது சோங்கின்ரை வேலை."

"இது ஆங்கிலம்தான் சார். 'மே' இருக்கவேண்டிய இடத்துல 'டிட் நாட்' இருக்கு. 'ஸெட்' இருக்கவேண்டிய இடத்துல 'அட்மிட்டட்' இருக்கு. தீயைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் மலாய்த் தாளையும் ஆங்கிலத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு, "அந்தப் பிள்ளை தமிழிலை என்ன சொன்னவ எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார்.

"யாருக்கும் தெரியாது சார். எழுதி வைக்கலை."

"அப்ப நாளைக்கு சோங்கோடை போங்கோ. அவ சொல்லுறதைத் தமிழிலையே எழுதுங்கோ. நீங்கள் ஒண்டும் சேர்க்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்."

5

சோங்கின் பழைய டட்சனில் போனோம். முதலில் தொழிற்சாலைக்கு. கூரைத் தகரம் சுருண்டு தொங்கியது. மெருகு அறையில் மாரியம்மன் பலகை இருந்த சுவர் முழுக்கக் கரி. அதே சுவரின் இன்னொரு கோடியில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி இருந்திருக்கிறது. மோட்டார் உருகிக் கட்டியாகியிருந்தது. அதன் கீழே எண்ணெய்த் துணி போடும் தொட்டி.

"இதைப் பத்தி எழுதலையே" என்றேன்.

"எல்லாம்தான் எரிந்திருக்கிறது. எதை எழுத?" என்றார் சோங். அவர் மறைக்கவில்லை. விளக்கு என்று எல்லோரும் சொன்ன பிறகு வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான்.

சரோஜாவின் வீடு பக்கத்துக் கம்பத்தில் (இங்கே கிராமத்தைக் கம்பம் என்பார்கள்) ஒரு பலகை வீடு. கணவன் லோரி ஓட்டி ஜொகூர் பக்கம் போயிருந்தான். அவளுக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, பேனா எங்கே என்பதுபோல் என் கையைப் பார்த்தாள்.

"யாரு எழுதினாலும் ஒண்ணுதான் அக்கா. நான்தான்னு எழுதிக்குங்க. கையெழுத்துப் போட்டுர்றேன்."

"நீங்க பாத்ததை மட்டும் சொல்லுங்க சரோஜா. அன்னைக்கு விளக்கை அணைச்சீங்களா?"

"அணைச்சேன்."

"எப்படி?"

"எப்பவும் போலத்தான். வாயால ஊதக் கூடாதுல்ல. படத்துக்கு வச்ச பூவை எடுத்து திரியை அமுக்குனேன். புகை வந்துச்சு. மூக்குல ஏறுச்சு, தும்மினேன்."

சோங்குக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பூவால் திரியை அமுக்கினார், புகையைப் பார்த்தார், தும்மினார். சோங் முகம் மாறியது. "அப்படியென்றால் அணைந்துவிட்டது" என்றார்.

"புகை வந்தது என்று எழுதுங்கள். அணைந்தது என்று அவர் சொல்லவில்லை."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, நான் சொன்னபடி எழுதிக்கொண்டார்.

"சூப்பர்வைசர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று சரோஜாவிடம் கேட்டேன்.

"அணைச்சிட்டுத்தான் வந்தேன், சரியா அணையலையோ என்னமோன்னு சொன்னேன்."

"புகை வந்ததைப் பாத்தீங்க. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நெருப்பு எரியறப்பவே எல்லாரும் விளக்கு விளக்குன்னாங்க அக்கா. முதலாளி சொன்னாரு. சூப்பர்வைசர் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரே, வேலை செய்யிற எடத்துல எதுக்கு சாமின்னு கேட்டாரு. அத்தனை பேரு சொல்றப்ப, நாமதான் சரியாப் பாக்கலையோன்னு இருந்துச்சு. புகை வந்ததுகூட முந்தின வாரம் வந்ததோன்னு நினைக்க ஆரம்பிச்சிட்டேன்."

கொஞ்சம் பொறுத்து, "ரொக்கியாவோட கையப் பாத்தீங்களா?" என்றாள். கிள்ளான் ஆஸ்பத்திரிக்குத் தினமும் சாயங்காலம் கஞ்சி எடுத்துக்கொண்டு போகிறாளாம். ரொக்கியாவின் அம்மா வாங்கி வைத்துக்கொள்வாளாம். ஒரு வார்த்தை பேச மாட்டாளாம். "அந்தம்மா திட்டிட்டா நல்லாருக்கும்" என்றாள்.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே தமிழில் எழுதி, வாசித்துக் காட்டினேன். 'அணையலையோ என்னமோ' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, "இது நீங்க பாத்ததா, பயந்ததா?" என்று கேட்டேன்.

"பயந்தது" என்றாள். அதையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் சோங், அந்த இம்ப்ளை, இன்ஃபர் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். முன்பும் பலமுறை விளக்கியிருந்தேன், காதில் வாங்கியதில்லை. இப்போது மறுபடி சொன்னேன்.

"அப்படியானால் அவள் ஒன்றையும் இம்ப்ளை பண்ணவில்லை" என்றார் மெதுவாக. "எல்லாம் நான் இன்ஃபர் பண்ணியது."

"ஆமாம்" என்றேன்.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நளினி வந்து எட்டிப் பார்த்தாள். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். 'தும்மினேன்' என்பதற்கு அர்த்தம் கேட்டாள். சொன்னேன்.

அவள் தமிழில் 'ஆம்' கிடையாது. யாராவது ஒன்றைச் சொன்னதாகச் சொல்ல வேண்டுமென்றால், "அவ சொன்னா" என்று தனியாகச் சேர்த்துக்கொள்வாள். 'போல' எப்போதாவது வரும். 'ஓ' வரவே வராது. அதற்குப் பதில் 'மேபி'. 'மேபி மழை வரும்' என்பாள். நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன். ஆங்கிலத்தில் அவளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் நன்றாகத் தெரிகிறது. எந்தப் பாஷையில் தெரிந்தால் என்ன என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றுவதில்லை.

மழையில் நனைந்த சங்கதியையும் அவளே சொன்னாள். பங்சாரில் ஒரு கடையில் பகுதிநேர வேலை கேட்டுப் போயிருந்தாளாம். பையைத் தோழி வீட்டில் வைத்துவிட்டுப் போனாளாம். நான் பார்க்கவில்லை, அதனால் 'ஆம்' போட்டு எழுதுகிறேன்.

7

ராஜநாயகம், சோங், நான் மூவரும் உட்கார்ந்து அறிக்கையை மறுபடி எழுதினோம். சோங் விசிறி மோட்டாரையும் எண்ணெய்த் துணித் தொட்டியையும் சேர்த்தார். துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அதற்கு ஒரு பத்தி எழுதினார், என் கை பட வேண்டியிருக்கவில்லை. வாக்குமூலத்தின் ஆங்கிலத்தில் 'அவர் அணைத்ததாகச் சொன்னார். பின்னர், சரியாக அணையாமல் இருந்திருக்குமோ என்று அஞ்சியதாகச் சொன்னார்' என்று போட்டோம்.

கடைசிப் பத்திக்குத்தான் அரை நாள் ஆயிற்று. விளக்கைக் காரணமாகக் கொள்ளும் சாத்தியத்தை முற்றிலும் விலக்க முடியாது என்று சோங் சொன்னார். அது சரிதான். மோட்டாரையும் துணியையும்கூட விலக்க முடியாது என்று நான் சொன்னேன். அதுவும் சரி. ராஜநாயகம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தார். கிடைத்த ஆதாரங்களைக் கொண்டு தீயின் காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று அதற்குக் கீழே எழுதினார். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

"இந்த ஒஃபீஸிலை கொஞ்ச நாளைக்கு ஒருத்தரும் 'தேர்ஃபோர்' பாவிக்கக் கூடாது" என்றார். சோங் சிரித்தார். ராஜநாயகம் சிரிக்கவில்லை.

காப்புறுதி நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. கதவு திறந்திருந்ததால் அவர் பக்கம் மட்டும் கேட்டது. இல்லை, மாற்ற முடியாது. இல்லை, நாங்கள் விளக்கு இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம், தெரியாது என்றுதான் சொல்கிறோம். தெரியாது என்பதற்கும் கட்டணம் உண்டு. ரிசீவரை வைத்துவிட்டு வழக்கம்போல் தேநீர் கொண்டுவரச் சொன்னார். அதன் பிறகு அந்த நிறுவனத்திலிருந்து எங்களுக்கு வேலை குறைந்தது. அறிக்கைதான் காரணமா என்று தெரியாது. அவரும் ஊகிக்கவில்லை, எங்களையும் ஊகிக்க விடவில்லை.

8

விளக்குதான் என்று நிரூபிக்க வழியில்லாததால் காப்புறுதி நிறுவனம் பணம் கொடுத்தது. தொழிற்சாலை பக்கத்து மனையில் மறுபடி திறந்தது. பழைய ஆட்களைக் கூப்பிட்டார்கள். சரோஜாவைக் கூப்பிடவில்லை. போலீஸ் புகாரும் இல்லை, காரணமும் சொல்லவில்லை.

இதெல்லாம் அவளே சொல்லித்தான் தெரியும். தீபாவளிக்கு முன்னால் துணி எடுக்கவும் முறுக்கு மாவு அரைக்கவும் கிள்ளான் போயிருந்தேன். குணசேகரன் நளினியைக் கூட்டிக்கொண்டு வளையல் கடைப் பக்கம் போய்விட்டார். மாவு மில் வாசலில் யாரோ 'அக்கா' என்று கூப்பிட்டார்கள். சரோஜா. கொஞ்சம் இளைத்திருந்தாள். பிளாஸ்டிக் பை தயாரிக்கிற இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள்.

"ரொக்கியா எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"வேலைக்கு வந்துருச்சு. கையில தழும்பு இருக்கு. என்கூடப் பேசுது. போன மாசம் வீட்டுக்கு வந்து சாப்டுச்சு. அதைப் பத்தி மட்டும் பேசாது. நானும் எடுக்க மாட்டேன்."

மில் இரைச்சலில் கொஞ்சம் தள்ளி நின்றோம். அவள் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ரிப்போர்ட்டுல என்ன எழுதினீங்க அக்கா? முதலாளிகிட்டக் கேட்டேன். ஒண்ணுமில்லை போன்னுட்டாரு."

"எதனால தீப்பிடிச்சதுன்னு கண்டுபிடிக்க முடியலைன்னு எழுதினோம்."

அவள் அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்ததுபோல் இருந்தது. "அப்ப, நான் இல்லைன்னு எழுதலை."

"விளக்குன்னும் எழுதலை. விளக்கு இல்லைன்னும் எழுதலை."

"சரி" என்றாள். "சரிதான். உங்களுக்கு என்ன தெரியும், நீங்க அங்க இல்லையே."

அவள் குறை சொல்லவில்லை. எனக்காகப் பரிந்து பேசுவதுபோல்தான் சொன்னாள். அந்த அறிக்கையில் ஒரு சொல்கூடத் தவறில்லை என்று இன்றும் நினைக்கிறேன். அதனால் அவள் போலீஸ் ஸ்டேஷன் போகவில்லை, நூறு பேர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் 'தீர்மானிக்க முடியவில்லை' என்பதை ஒருத்தி வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்துக்கொண்டு வாழ வேண்டியிருக்கும் என்று அதை எழுதியபோது நாங்கள் மூவரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் வேறு மாதிரி எழுதியிருக்க முடியாது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?" என்றாள். "ரிப்போர்ட்டை விடுங்க. உங்க மனசுல."

பூவையும் புகையையும் தும்மலையும் நினைத்தேன். உருகிய மோட்டாரையும் எண்ணெய்த் துணியையும் நினைத்தேன். எல்லாவற்றையும் கூட்டினாலும் போதாது. சொல்வதற்குத் தமிழில் எத்தனையோ வழி இருந்தது. இருக்காதுன்னு தோணுது. நீங்களா இருக்க வாய்ப்பில்லை. விளக்கா இருக்காது போல. எல்லாம் சரியான வாக்கியங்கள்தான். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதுவரை அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

"நீ இல்லை, சரோஜா" என்றேன்.

அதில் 'போல' இல்லை, 'ஓ' இல்லை. ஆதாரமும் இல்லை. ராஜநாயகத்தின் மேசைக்குப் போயிருந்தால் சிவப்பு மையில் அடித்துத் திருப்பியிருப்பார்.

சரோஜா மாவுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா" என்றாள்.

சொன்னேன்.